ஐஸ்பெட்டியில் ஒரு துணிக்கொடி

என் ஓரகத்தி இறந்த அன்று நான் அழவில்லை. என் கணவருடைய தம்பியின் மனைவி அவள். என்னைவிட ஆறு வயது இளையவள். பக்கத்து வரிசையில்தான் வீடு. பந்தலுக்கு நாற்காலி இறக்கியபோது நின்று பார்த்துக்கொண்டேன். வந்தவர்களுக்குத் தேநீர் கலக்கினேன். பூமாலை தவறான அளவில் வந்து சேர்ந்தது. மற்ற நாளாக இருந்தால் கடைக்காரனை ஒரு வழி பண்ணியிருப்பேன், அன்றைக்குச் சரி என்று வாங்கி வைத்தேன். லாயாங் லாயாங்கிலிருந்து வந்திருந்த உறவுக்காரி ஒருத்தி, "இவங்களுக்குக் கல்லு நெஞ்சு லா" என்று என் காதில் விழும்படியே சொன்னாள். அதற்கும் கோபம் வரவில்லை. எனக்குக் கோபம் வராததைப் பார்த்து என் கணவர்தான் பயந்துபோனார்.

அதற்குப் பிறகு பத்து மாதம் அப்படியேதான் போனது. சமைத்தேன், சாப்பிட்டேன், துணி துவைத்தேன். குழம்பில் உப்புக் கூடினாலும் குறைந்தாலும் நாக்குக்குத் தெரியவில்லை. கணவர் சொன்னால் அடுத்த நாள் கூட்டியோ குறைத்தோ போட்டேன். அழாததற்கு வெட்கமாவது வந்திருக்கலாம். அதுவும் வரவில்லை. சனிக்கிழமை காலைகளில் மட்டும் வீட்டில் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் நின்றேன்.

சனிக்கிழமை எங்கள் இருவருக்கும் மெஷின் நாள். குளுவாங்கில் இருந்த எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் முப்பது வருடம் கியூசி வேலை பார்த்தவள் நான். லைனில் வரும் ஒவ்வொரு போர்டையும் விளக்கடியில் திருப்பிப் பார்த்து, இது பாஸ், இது ரிஜெக்ட் என்று ஒதுக்குகிற வேலை. ஓய்வு பெற்ற பிறகு ஒதுக்குவதற்கு வீட்டில் கணவரைத் தவிர எதுவும் இல்லை. அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் ஓரகத்தி கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இத பாருங்க. இந்தப் பொம்பள தையல் மெஷின்ல படம் வரையுது."

சாதாரணத் தையலில் மெஷின் துணியைத் தள்ளும். நாம் அதன் பின்னாலேயே போவோம். இதில் துணியைத் தள்ளுகிற பற்களைக் கீழே இறக்கிவிட வேண்டும். ஊசி நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும். வளையத்தில் இறுக்கிய துணியை நாம்தான் இரண்டு கையாலும் நகர்த்த வேண்டும். பேனாவை அசைக்காமல் காகிதத்தை அசைத்து எழுதுவது மாதிரி. விரல்கள் ஊசிக்கு மிகப் பக்கத்தில் இருக்கும். கொஞ்சம் கவனம் பிசகினால் நகத்தோடு சேர்த்துத் தைத்துவிடலாம்.

முதல் இரண்டு மாதம் துணிக்கு அடியில் நூல் குருவிக்கூடு கட்டியது. ஆறு ஊசி உடைந்தது. பிறகு கை பிடிபட்டது. என் வீட்டுக் கூடத்தில் நீளமான மேசை ஒன்றைப் போட்டு, இரண்டு மெஷினையும் எதிரெதிரே வைத்துக்கொண்டோம். அவள் வேகமாக மிதித்தால் மேசை ஆடும், என் கோடு கோணும். நான் கத்துவேன். "சரிங்க கியூசி அக்கா" என்று சொல்லிவிட்டு இன்னும் வேகமாக மிதிப்பாள். மதியம் வரை இதே கூத்துதான். நடுவில் ஒருமுறை தேநீர், அவள் கொண்டுவரும் வாழைக்காய் பஜ்ஜி. எண்ணெய்க் கையோடு துணியைத் தொடுவாள், அதற்கும் கத்துவேன்.

எனக்குத் தைக்க வரும். படம் வராது. ஒரு தேங்காய் வரைந்தால் அது தேங்காயா உருளைக்கிழங்கா என்று பார்க்கிறவர்தான் முடிவு செய்துகொள்ள வேண்டும். அவளுக்குப் படம் தண்ணீர் பட்ட பாடு. எங்கள் தாமான் குடியிருப்புக்குள் இருந்த பாலர் பள்ளியில் வேலை செய்தவள், சுவரெல்லாம் அவள் கைவண்ணம்தான். அதனால் இரண்டு பேருக்கும் அவளே வரைந்துவிடுவாள். அவள் வரைவதில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. ஆரம்பித்த கோட்டை எங்கேயும் வெட்டாமல், நூலை அறுக்காமல் தைக்கிற மாதிரி, படம் முழுக்கச் சுற்றி வந்து முடிப்பாள். அழித்து வரைந்து நான் பார்த்ததில்லை. "எப்படி வருது உனக்கு?" என்று கேட்டால், "தானா வருது லா அக்கா" என்பாள். எனக்குப் பொறாமையாக இருக்கும். அதை அவளிடம் சொன்னதில்லை.

அவள் வரைந்தது பூவோ மயிலோ இல்லை. சமையல் காஸ் தோம்பு, மேசை மின்விசிறி, காஹாங் சாலையில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப் போகிற லாரி, என் தேய்ந்த சிலிப்பர். கடைசியாக அவள் வரைந்தது எங்கள் பின் சந்தில் இருக்கும் துணிக்கொடி. இரண்டு வீட்டுத் துணியும் அதில் தொங்கும்: என் கணவரின் கைலி, அவள் புருஷனின் வேலைச் சட்டை, அவளுடைய பூப்போட்ட நைட்டி, என் துண்டு. எல்லாம் ஒரே கோட்டில். பெரிய துணி, மேசை அகலத்துக்கு இருந்தது. வழக்கமாக ஒரு வாரத்தில் வரைந்து கொடுப்பவள் இதற்கு ஏழு வாரம் எடுத்துக்கொண்டாள்.

நான் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்டேன். "ஒரு கொடிய வரைய ஒரு வருஷமா? சோம்பேறித்தனம் வந்துருச்சு உனக்கு." அவள் சிரித்தபடி, "மூட் வரல அக்கா" என்றாள். அந்த வாரங்களில் அவள் மெஷினில் உட்கார்ந்து மிக மெதுவாக ஏதோ இலை தைத்துக்கொண்டிருந்தாள். மேசை ஆடவில்லை. நல்லதாகப் போயிற்று என்று என் வேலையைப் பார்த்தேன்.

எட்டாவது சனிக்கிழமை துணியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். "இத நீங்களே தைங்க அக்கா. எனக்குக் கை வலிக்குது." விரித்துப் பார்த்தேன். ஒரு பிசிறு இல்லாத படம். "இதுக்கா ஏழு வாரம்?" என்றுதான் நான் சொன்னேன். அடுத்த வாரம் அவள் குளியலறையில் விழுந்துவிட்டாள். ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் மூளையில் கட்டி என்றார்கள். ஐந்து வாரம்கூட இருக்கவில்லை.

துணியை மடித்து, இரண்டு அந்துருண்டை போட்டு, அலமாரியில் வைத்துவிட்டேன். மெஷின்களுக்கு மேல் ஆளுக்கொரு பழைய துண்டைப் போர்த்தினேன்.

பதினோராவது மாதம் அவள் மகள் வந்தாள். சிங்கப்பூரில் வேலை, வாரக் கடைசியில் அப்பாவைப் பார்க்க வருவாள். பிள்ளை மெலிந்து போயிருந்தது.

"பெரியம்மா, அடுத்த மாசம் அம்மாவுக்கு வருஷப் படையல். அம்மா கடைசியா வரைஞ்ச துணி உங்ககிட்டதான இருக்கு? அத தைச்சுக் குடுங்க. அம்மா படத்துக்குப் பக்கத்துல மாட்டணும். என் பழைய பை ஒண்ணத் தவிர அம்மா கைபட்டது வேற ஒண்ணும் எங்க வீட்டுல இல்ல பெரியம்மா. எல்லாத்தையும் யாருக்காச்சும் குடுத்துட்டாங்க."

"தைச்சிடலாம்" என்றேன். சொன்ன சொல்லில் எனக்கே ஒரு கனமும் தெரியவில்லை. பால் வாங்கி வரச் சொன்னால் சரி என்பது போலத்தான் சொன்னேன்.

மறுநாள் காலை துணியை எடுத்தேன். பத்து மாத மடிப்பு, கத்தி மாதிரி நின்றது. அந்துருண்டை வாடை வேறு. மடிப்பு இருக்கும் துணியை வளையத்தில் இறுக்கினால் கோடு விலகும் என்பது முப்பது வருடக் கண்ணுக்குத் தெரியாதா? இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணினேன். இடமிருந்து வலமாக, தண்ணீர் தெளித்து, நன்றாக அழுத்தி ஒரே இழுப்பு. இரண்டாவது இழுப்பு. மூன்றாவது. வானொலியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தால் மேசைமேல் வெள்ளைத் துணி இருந்தது. மடிப்பு இல்லை. படமும் இல்லை.

நாங்கள் வரைவது சூடு பட்டால் மறையும் பேனாவால். தைத்து முடித்த பிறகு, நூலுக்கு வெளியே தெரியும் மிச்சக் கோட்டை இஸ்திரி போட்டுப் போக்கிவிடலாம்; அதற்காகவே அந்தப் பேனா. முதலில் இஸ்திரி, பிறகு படம், பிறகு தையல், கடைசியில் மறுபடி இஸ்திரி. இந்த வரிசையை அவளுக்குச் சொல்லிச் சொல்லி மண்டையில் ஏற்றியதே நான்தான். தைக்காத படத்தின் மேல் பெட்டியை வைக்காதே என்று அவள் கையைத் தட்டிக்கூட விட்டிருக்கிறேன்.

அந்த இடத்திலாவது எனக்கு ஏதாவது ஆகியிருக்க வேண்டும். ஒன்றும் ஆகவில்லை. ஒரு போர்டில் சில்லு விட்டுப்போனால் எப்படிப் பார்ப்பேனோ அப்படித்தான் அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரிஜெக்ட், அவ்வளவுதான். பேனாவை எடுத்து அதே துணியில் நினைவிலிருந்து வரைந்து பார்த்தேன். கணவரின் கைலி பூசணிக்காய் மாதிரி வந்தது. அந்தப் பிள்ளையிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். அப்போது அதே பிள்ளை சொன்ன ஒரு விஷயம் ஞாபகம் வந்தது.

ஒரு வருடம் அவள் கொரியாவுக்குச் சுற்றுலா போயிருந்தாள். அம்மா தைத்துக் கொடுத்த பை தோளில். பனி கொட்டும் தெருவில் இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு அறைக்கு வந்து பார்த்தால், பை முழுக்கப் பேனாக் கோடு. "அம்மா, அழிஞ்சதெல்லாம் திரும்பி வந்துருச்சு" என்று அங்கிருந்தே கூப்பிட்டுச் சொன்னாள். அந்த மை சூட்டில் மறையும், கடுங்குளிரில் திரும்பி வரும் என்று அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஜொகூர் வெயிலில் எங்களுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

துணியைச் சுருட்டி பிளாஸ்டிக் பையில் போட்டு, ஐஸ்பெட்டியின் மேல் தட்டில் கெம்போங் மீனுக்கும் கோழிக்கும் நடுவில் வைத்தேன். மாலையில் ஐஸ் எடுக்கப் போன கணவர், "என்னா இது, துணியெல்லாம் ஐஸ்ல வெச்சிருக்க?" என்றார். "ஊறுது" என்றேன். பத்து மாதமாக என்னிடம் எதையும் இரண்டாம் தடவை கேட்காமல் இருக்கப் பழகிவிட்டார், பாவம்.

மறுநாள் காலை எடுத்து மேசைமேல் விரித்தேன். படம் வந்திருந்தது. கோடு கோடாக, கருநீலமாக. ஆனால் நான் பார்த்த படம் இல்லை அது. முதலில் வந்தது எரிச்சல்தான். எவ்வளவு நாளாயிற்று எரிச்சல் வந்து! ஒரு கொடி இருந்த இடத்தில் ஒன்பது கொடி. கைலிக்குப் பக்கத்தில், மேலே, குறுக்கே இன்னும் கைலிகள். துணி முழுக்க யாரோ கிறுக்கி வைத்தது போல இருந்தது. நேற்று நான் வரைந்த பூசணிக்காய் அவற்றோடு சேர்ந்து இளித்தது, அதற்கு மட்டும் இஸ்திரிப் பெட்டியின் முனையை வைத்துத் துடைத்தெடுத்தேன்.

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு, கியூசி வேலை பார்க்கிறவளாகப் பார்த்தேன். வேலைச் சட்டையின் ஒரு கையை மட்டும் பதினொரு தடவை வரைந்திருந்தாள். முதல் கோடு நடுவில் துள்ளியிருந்தது. அடுத்தது அதே இடத்தில் துள்ளியிருந்தது. அதற்கடுத்தது தொடங்கும்போதே அலை அலையாக நடுங்கிக்கொண்டு போய், பாதியில் நின்றிருந்தது. பதினொன்றாவதுதான் நேராக இருந்தது. என் துண்டுக்கு எட்டு. நைட்டிக்கு எண்ண முடியவில்லை. அழித்தே வரையாதவள், தானாக வருகிறது என்றவள், ஒவ்வொரு கோட்டையும் சூடு காட்டி அழித்து அழித்து, நடுங்காத ஒன்று விழும்வரை உட்கார்ந்திருக்கிறாள். ஏழு வாரம்.

துணியை எடுத்துக்கொண்டு பக்கத்து வரிசைக்கு நடந்தேன். கொழுந்தன் வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தார். துணியைக் காரின் மூக்கின்மேல் விரிக்கப் போய், சட்டென்று இழுத்துக்கொண்டேன். பத்து மணி வெயிலில் இன்னும் தண்ணீர் படாத இரும்பு, கொதித்துக்கொண்டிருந்தது. அங்கே வைத்திருந்தால் மறுபடி வெள்ளைத் துணியாகியிருக்கும். நிழலில் கிடந்த நாற்காலியின் முதுகில் விரித்துக் காட்டினேன்.

"அவளுக்குக் கை நடுங்குச்சா?" என்றேன்.

அவர் துணியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். குழாயைக் கீழே போட்டார்.

"அஞ்சாறு மாசமா இருந்துச்சு அண்ணி. காலைல கோப்பி கிளாஸ் பிடிக்கும்போது தெரியும். கிளினிக்குக்குப் போலாம்னு கூப்பிட்டேன். வயசாவுதுல்ல, நரம்புத் தளர்ச்சின்னு சொல்லி வரமாட்டேன்னுட்டா. நானும் விட்டுட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா." தண்ணீர் வாசல் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது, அவர் அதைக் கவனிக்கவில்லை. "அக்காவுக்குத் தெரிஞ்சா அவ்வளோதான், ஊசிகிட்ட என்னை உட்கார விடமாட்டாங்க, ரிஜெக்ட் பண்ணிடுவாங்கன்னா. எனக்குன்னு இருக்கிறது அந்தச் சனிக்கிழமை ஒண்ணுதான்னு சொன்னா. அதான் நானும் வாய மூடிக்கிட்டேன்."

அவரே தொடர்ந்தார். "நான் அப்பவே சொன்னேன் அண்ணி, அண்ணி ஒண்ணும் அப்படிப் பண்ணமாட்டாங்கன்னு. பண்ணிருக்கமாட்டீங்கல்ல?"

மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அந்த மனுஷனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். எனக்கும்தான். ஆனால் கை நடுங்கும் பெண்களை லைனிலிருந்து எழுப்பி அனுப்பியவள் நான். சோல்டரிங் சூட்டில் விரல் போய்விடும் என்று அவர்கள் நல்லதுக்காகத்தான் எழுப்பினேன். ஒருத்தி அழுதுகொண்டே போனாள். நான் அடுத்த போர்டைப் பார்த்தேன். இவளையும் அப்படித்தான் எழுப்பியிருப்பேன். நல்லதுக்காக. மெஷினை அன்றைக்கே மூடியிருப்பேன். பிறகு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பேன் என்பதும் உண்மை. அது அவளைக் காப்பாற்றியிருக்குமா என்று எனக்குத் தெரியாது; யாரையும் நான் கேட்கவும் போவதில்லை.

"பண்ணிருப்பேன்" என்றேன்.

அவர் குனிந்து குழாயை மூடினார். நான் துணியைச் சுருட்டிக்கொண்டு நிழல் ஓரமாகவே வீட்டுக்கு வந்தேன்.

படையலுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. சரியான கோடு எது என்று கண்டுபிடிப்பது எனக்குப் பெரிய வேலை இல்லை. அதை மட்டும் தைத்துவிட்டு, மேலே இஸ்திரி வைத்தால் மற்றதெல்லாம் போய்விடும். மகளுக்கு அம்மா வரைந்த அழகான துணிக்கொடி கிடைக்கும். ஓரகத்தி விரும்பியதும் அதுதான். அதற்காகத்தான் அத்தனை பாடுபட்டாள். நான்கு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என்னால் முடியவில்லை. அவள் கடைசியாக என்ன பட்டாள் என்பது மிச்சக் கோடுகளில்தான் இருந்தது. அதை இன்னொரு தடவை நானே இஸ்திரி போட்டுத் தேய்க்க முடியாது. மகளைக் கூப்பிட்டு நடந்ததெல்லாம் சொன்னேன், நான் இஸ்திரி போட்டது உட்பட. அவள், "எல்லாத்தையும் தைங்க பெரியம்மா" என்றாள்.

சனிக்கிழமை காலை என் மெஷின் மேலிருந்த துண்டை எடுத்தேன். எண்ணெய் விட்டேன். பற்களை இறக்கினேன். சட்டைக் கையிலிருந்து ஆரம்பித்தேன், அந்த முதல் கோடு, நடுவில் துள்ளியது. துள்ளல் வந்த இடத்தில் என் ஊசி அதை வெட்டிக்கொண்டு நேராகப் போய்விட்டது. பிரித்தேன். மறுபடி தைத்தேன், மறுபடி நேராகத்தான் போனது. இந்தத் தையலில் ஊசி நகராது, துணிதான் நகரும். நடுங்கிய கோட்டின் மேல் ஊசி போக வேண்டுமென்றால், அவள் கை நடுங்கியது போலவே என் கையும் நடுங்க வேண்டும். என் கை நடுங்காது. முப்பது வருடமாக அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். வேண்டுமென்றே உதறிப் பார்த்தேன். அது தப்புத் தப்பாக வந்தது. எதிரே அவள் மெஷின் துண்டு போர்த்தியபடி இருந்தது. மேசை ஆடவில்லை. இங்கே, இந்த மேசையில், என் கண்ணுக்கு எதிரில் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாக இலை தைத்துக்கொண்டிருந்தாள். நான் அவளைச் சோம்பேறி என்றேன்.

அப்போதுதான் அழுகை வந்தது. சத்தமாக, அசிங்கமாக, மூக்கு ஒழுக வந்தது. கணவர் சமையலறையிலிருந்து ஓடிவந்து கூடத்தில் நின்றார். கிட்டே வரவேண்டாம் என்று கையைக் காட்டினேன். காட்டிய கை நடுங்கியது. அதே கையால் வளையத்தைப் பிடித்துக்கொண்டு மிதித்தேன். அதற்குப் பிறகு ஊசி அவள் கோட்டை விட்டு விலகவே இல்லை.